நடுவில் வைக்காத அட்டை

அப்பா இறந்த ஒன்பதாம் நாள், அவர் வேலை பார்த்த வானியல் ஆய்வு நிலையத்திலிருந்து ஃபோன் வந்தது. இரங்கல் சொல்வதற்கு இல்லை.

"உங்க அப்பா வீட்டுக்கு எடுத்துட்டுப் போன தாள் ஆறு பெட்டி இருக்கணும். மாசக் கடைசிக்குள்ள திரும்பி வரணும்," என்றார் துறைத் தலைவி.

"எதுக்கு மேடம்?"

"பட்டியலை மூடறோம். மூலத் தாள் கையில இல்லாம மூட முடியாது."

"அந்த அறுபத்துமூணு?"

"அது முடிஞ்சுபோன விஷயம்மா. உங்க அப்பாகிட்டயே பல தடவை சொல்லிட்டேன்."

பல தடவை சொன்னது உண்மை. கடைசித் தடவை சொன்ன அன்று அப்பா வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம். மூன்று வாரம் கழித்து அதே நாற்காலியில் இறந்தார். இரண்டையும் முடிச்சுப் போடக்கூடாது என்று எனக்குத் தெரியும். அவர் இதயத்தில் மூன்று அடைப்பு இருந்ததை மருத்துவர் முன்பே படம் போட்டுக் காட்டியிருந்தார். ஆனாலும் பெட்டிகளைத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தராமல் வைத்துக்கொண்டேன்.

அப்பா விஞ்ஞானி இல்லை. அளவை உதவியாளர். சேர்ந்த அன்றும் அதே பதவி, முப்பத்தொரு வருடம் கழித்தும் அதே பதவி. நிலையத்தின் தொலைநோக்கி வேறு ஊரில் மலைமேல் இருந்தது. அதை அவர் இரண்டு முறை பார்த்திருக்கிறார், இரண்டும் பகலில். அவருடைய வேலை, இரண்டாம் மாடியில் ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டிய ஓர் அறையில் உட்கார்ந்து படம் பார்ப்பது. தொலைநோக்கி எடுத்த படத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி, தாளுக்கு இருபது என்று அச்சடித்துக் கொடுப்பார்கள். திரைக்குத் திரை வெளிச்சம் மாறும், காகிதம் மாறாது என்பது அந்தத் துறையின் பழைய பிடிவாதம். ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் ஒரு மங்கல் இருக்கும். அது நட்சத்திரக் கொத்து என்றால் டிக். இல்லை என்றால் பெருக்கல் குறி.

சொல்வதற்கு எளிது. அந்த மங்கல், ஒன்றாகப் பிறந்து ஒன்றாக இருக்கும் சில நூறு நட்சத்திரங்களாக இருக்கலாம். முன்னும் பின்னுமாக எங்கெங்கோ கிடக்கும் நட்சத்திரங்கள் தற்செயலாக ஒரே நேர்க்கோட்டில் வந்ததாகவும் இருக்கலாம். மிகத் தொலைவில் உள்ள வேறொரு கேலக்ஸியாகவும் இருக்கலாம். கருவியில் பட்ட அழுக்காகவும் இருக்கலாம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய வேலை. அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. வீட்டிலும் அப்படித்தான். நான் வாங்கி வரும் சட்டையில் தையல் பிசிறு ஒன்றைக் கண்டுபிடித்த பிறகுதான் போட்டுக்கொள்வார். நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்ட பொருள் எதுவும் நினைவில் இல்லை.

அவர் கடைசிப் பன்னிரண்டு வருடம் பார்த்தது இரண்டு குள்ள கேலக்ஸிகளை. பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. ஒன்று பெரியது, ஒன்று சிறியது. இவை ஒன்றையொன்று சுற்றி வரும்போது எப்போதாவது மிக நெருங்கிக் கடக்கும். நெருங்கும்போது அருகில் இருக்கும் ஓரத்தை அதிகமாகவும், எட்ட இருக்கும் ஓரத்தைக் குறைவாகவும் இழுக்கும். நிலவு கடலை இழுத்து ஓதம் எழுப்பும் அதே கணக்கு. இழுபட்ட கேலக்ஸி நீளும். உள்ளே கிடக்கும் வாயு நசுங்கும். நசுங்கிய இடத்தில் கொத்துக் கொத்தாக நட்சத்திரம் பிறக்கும்.

தனி நட்சத்திரத்தின் வயதைச் சொல்வது கடினம். கொத்தின் வயதைச் சொல்லலாம். எல்லாம் ஒரே காலத்தில் பிறந்தவை என்பதால், எவை எரிந்து முடிந்தன, எவை மிச்சம் என்று பார்த்தால் போதும். ஆகவே கொத்துகளை எண்ணி வயதுவாரியாக அடுக்கினால், எந்தக் காலத்தில் குவிந்து கிடக்கிறதோ அந்தக் காலத்தில் இரண்டும் உரசிக்கொண்டன என்று அர்த்தம். இரண்டுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில் கொத்து கிடந்தால் இன்னும் நல்லது. அது உரசலுக்கு மூத்தது என்றால் பிய்த்து இழுக்கப்பட்டது. இளையது என்றால் இழுபட்ட வாயுவிலேயே பிறந்தது. இதை அப்பா எனக்குப் பன்னிரண்டு வருடத்தில் ஒரே ஒரு முறைதான் சொன்னார். அதுவும் நான் கேட்டதால்.

ஒரு கண் போதாது என்பது நிலையத்தின் விதி. ஒவ்வொரு தாளும் இரண்டு பிரதியாக, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி வரும். முதல் கண் மேல் பிரதியில் குறி போடும். அப்போது பென்சில் அழுத்தம் கீழே பதியாமல் இருக்க நடுவில் ஒரு தடித்த அட்டையைச் செருக வேண்டும். முடித்ததும் மேல் பிரதியைக் கிழித்துப் பூட்டிய பெட்டியில் போட்டுவிட்டு, கீழ்ப் பிரதியை இரண்டாம் கண்ணிடம் கொடுக்க வேண்டும். இருவரும் டிக் போட்டால் அது கொத்து. ஒருவர் மட்டும் போட்டால் பட்டியலில் இடமில்லை. ஒப்பிட்டு முடிந்ததும் இரண்டு பிரதியும் முதல் கண்ணிடமே திரும்பி வரும். அப்படித்தான் அவை எங்கள் வீட்டுக்கு வந்தன.

இரண்டாம் கண், என் மாமா. அம்மாவின் தம்பி. அப்பாதான் வேலையில் சேர்த்துவிட்டார். மச்சான் தயவிருந்தால் மலையேறிப் பிழைக்கலாம் என்பார்கள். மாமாவுக்கு மலைகூட ஏற வேண்டியிருக்கவில்லை, இரண்டாம் மாடியே போதுமாக இருந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒருநாள் மாமா ஒரே முற்பகலில் நானூறு சதுரத்துக்குக் குறி போட்டார். அப்பா ஒரு நாளைக்கு நாற்பது போடுவார். அப்பா மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தார்: "இரண்டாம் கண் பார்க்காமலே குறி போடுகிறது." மாமாவுக்கு வரவேண்டிய பதவி உயர்வு நின்றது. அன்றோடு பேச்சும் நின்றது. ஒரே அறை, முதுகோடு முதுகாக இரண்டு மேசை, நடுவே நாலடி. ஒன்பது வருடம்.

அம்மா விடவில்லை. மாதம் ஒருமுறை தம்பியைச் சாப்பிடக் கூப்பிடுவாள். ஒருமுறை நானும் இருந்தேன்.

"அந்த ஆளை உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு," என்றார் அப்பா.

"உப்பு முன்னாடிதான் இருக்கு. பூதக்கண்ணாடிக்குத் தெரியலையான்னு கேளுக்கா," என்றார் மாமா.

"தெரியுது. குருட்டுப் பூனை விட்டத்துல பாயற மாதிரி நான் எதையும் செய்யறதில்லைன்னு சொல்லு."

"காட்டிக் குடுக்கற வாய்க்கு உப்பு எதுக்குன்னு கேளு."

"ரெண்டு பேரும் தட்டை எடுத்துட்டு வேற வேற ரூமுக்குப் போங்க," என்றாள் அம்மா. இருவரும் போனார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்த இரண்டு கேலக்ஸிக்கும் நடுப்பகுதியின் தாள்கள் வந்தன. அங்கே வாயு உண்டு, கொத்து கிடையாது என்று துறைத் தலைவி பல வருடத்துக்கு முன்பே கட்டுரை எழுதிப் பெயர் வாங்கியிருந்தார். அப்பா அங்கே அறுபத்து மூன்று கொத்துகளுக்கு டிக் போட்டார். மாமா ஒன்றுக்குக்கூடப் போடவில்லை. விதிப்படி அறுபத்து மூன்றும் விழுந்தன. வேறு ஒருவரைக் கொண்டு மறுபடி பார்க்கச் சொல்லி அப்பா எழுதினார். "ஏன்?" என்று கேட்டார்கள். அவர் காரணம் சொல்லவில்லை. மறுபடி எழுதினார். மறுபடி கேட்டார்கள். எதையும் பிட்டுப் பிட்டு வைக்கும் மனிதர், அதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. இப்போது பட்டியலை மூடினால் அந்த அறுபத்து மூன்றும் இல்லாதவை ஆகிவிடும். முப்பத்தொரு வருடத்தில் அவர் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

அதனால்தான் பெட்டிகளைப் பிரித்தேன். மாமாவின் பெருக்கல் குறிகளில் வன்மத்துக்கு ஓர் அத்தாட்சி கிடைக்கும் என்று தேடினேன். ஒளிக்க என்ன இருக்கிறது? அவரை மாட்டிவிடத்தான் தேடினேன்.

நான் உலோகப் பரப்புகளின் சொரசொரப்பை அளக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு பரப்பைக் கையில் எடுத்தால் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்க்காமல் வைக்க வராது. மாமாவின் ஒரு தாளைச் சாய்த்தேன். ஒவ்வொரு பென்சில் குறிக்கும் கீழே ஒரு பள்ளம் இருந்தது. அப்பா போட்ட அதே டிக், அதே பெருக்கல். மாமாவின் குறிகள் அந்தப் பள்ளத்தின்மேல் உட்கார்ந்திருந்தன.

நாற்பது தாளை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போய் அளந்தேன். ஏழு வருடத்துக்கு முன்புவரை பள்ளம் இல்லை, அட்டை இருந்திருக்கிறது. அதன்பிறகு எல்லாத் தாளிலும் இருபது மைக்ரான் ஆழம், மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. சாதாரணமாக எழுதினால் கீழ்த்தாளில் அவ்வளவு ஆழம் பதியாது. அட்டை இல்லாமல், அழுத்தி, வேண்டுமென்றே எழுதினால்தான் பதியும். பிறகு குறிகளை ஒப்பிட்டேன். பழைய தாள்களில் இருவரும் நூற்றுக்கு எண்பத்துநாலு ஒத்துப்போனார்கள். அடுத்த ஏழு வருடம், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. மங்கலைப் பார்க்கும் இரண்டு மனிதர்கள் அப்படி ஒத்துப்போக மாட்டார்கள். ஒருவருக்குப் பார்க்க முடியாமல் போய், மற்றவரின் பள்ளத்தைப் பின்பற்றினால்தான் அது நடக்கும். இந்த எண்ணை நிலையத்தின் தரத்துக்குச் சான்றாகத் துறைத் தலைவி ஒரு மாநாட்டில் காட்டியிருக்கிறார்.

நடுப்பகுதித் தாள் நூற்றுப் பன்னிரண்டு மட்டும் விதிவிலக்கு. அவற்றில் பள்ளமே இல்லை.

வீட்டுக்குப் போனேன். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மாமாவுக்குக் கண்ணு எப்பலேர்ந்து சரியில்லை?"

"யார் சொன்னா?"

"தாள் சொல்லுது."

குழாயை மூடினாள். "ஏழு வருஷமா. சர்க்கரை. நடுவுல தெரியாது, ஓரத்துல தெரியும். 'உன்னை நேரா பார்த்தா முகம் இல்லைக்கா, காது ரெண்டும் இருக்கு'ன்னு சொன்னான்."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். வெளியில தெரிஞ்சா வேலை போயிடும்னு சொன்னேன். 'அவன்கிட்ட நான் பேச மாட்டேன்'னாரு. பேச வேண்டாம், காட்டிக்குடுக்காம இருங்கன்னேன். அவ்வளவுதான்."

"அட்டையை எடுக்கச் சொன்னது?"

"என்ன அட்டை?"

அவளுக்குத் தெரியாது. அதை அப்பாவே யோசித்திருக்கிறார். காட்டிக்கொடுக்காமல் இருந்தால் மட்டும் போதாது, தவறான குறிகள் எப்படியும் காட்டிக்கொடுத்துவிடும் என்று கணக்குப் போட்டு, அட்டையை எடுத்திருக்கிறார்.

நான் விளக்கினேன். அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"இப்ப என்ன பண்ணப் போற?"

"சொல்லப் போறேன். மாமா பார்க்கவே இல்லைன்னு காட்டினாத்தான் அந்த அறுபத்துமூணை மறுபடி பார்ப்பாங்க."

"அவனுக்கு ரிட்டயராக இன்னும் அஞ்சு மாசம்தான் இருக்கு."

"பட்டியலை இந்த மாசம் மூடறாங்க."

"உங்கப்பாவும்தானே செஞ்சாரு? அவரு பேரும் சேர்ந்து போகும்."

"போகும்."

"செத்தவரை எதுக்குடி சந்தி சிரிக்க வைக்கிற?"

"உனக்குத் தம்பிக்குன்னா வெண்ணெய். அப்பாவுக்குன்னா சுண்ணாம்பு. எப்பவும்."

அம்மா கையிலிருந்த கரண்டியைத் தொட்டியில் எறிந்தாள். "அட்டையை எடுத்தது நானா?" என்றாள்.

மறுநாள் மதியம் மாமா வீட்டுக்குப் போனேன். அப்பாவின் சாவுக்கு வந்தவர் வாசலோடு நின்றுவிட்டுப் போயிருந்தார். கதவைத் திறந்து என் தோளுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்தார்.

"தாள் எல்லாத்தையும் பார்த்தேன், மாமா."

"நீயாவது பார்த்தியே."

உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன்.

"எப்படிப் படிப்பீங்க? விரலாலயா?"

"விளக்கைச் சாய்ச்சு வெச்சா ஓரக்கண்ணுல நிழல் தெரியும். டிக்குக்கு ஒரு நிழல், பெருக்கலுக்கு ரெண்டு."

"அப்பா வேணும்னே செஞ்சாருன்னு தெரியுமா?"

"முதல் நாள் அட்டையை மறந்துட்டான்னு நினைச்சேன். ரெண்டாம் நாளும் இல்லை. உங்கப்பன் மறக்கற ஆளா? ஏழு வருஷம், ஒரு வார்த்தை இல்லை. பிச்சை போடறவன்கூட மூஞ்சியைப் பார்த்துப் போடுவான்."

"வாங்கிக்கிட்டீங்களே."

"வாங்கிக்கிட்டேன். அதுக்கென்ன இப்போ?"

"நடுப்பகுதித் தாள் வந்தப்போ?"

"வழவழன்னு இருந்துச்சு. சரி, மறுபடியும் எழுதிக் குடுக்கப் போறான், என்னை மாட்டிவிடத்தான் அட்டையை வெச்சிருக்கான்னு நினைச்சேன். எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டேன். இல்லைன்னு சொன்னா ஏன்னு எவனும் கேட்க மாட்டான். இருக்குன்னு சொன்னாத்தான் காட்டுன்னு வருவாங்க."

"அவர் மாட்டிவிடறதுக்காக வைக்கலை."

"பின்ன எதுக்கு? கேட்டிருக்கலாமே. நாலடி பின்னாடிதான் உட்கார்ந்திருந்தேன்."

பார்க்க முடியாதவர் என்று தெரிந்தும் ஏன் அந்தத் தாள்களுக்கு மட்டும் அட்டையை வைத்தார்? "எனக்குத் தெரியவில்லை" என்று மாமாவே எழுதிக் கொடுத்து விலகுவார் என்று எதிர்பார்த்தாரா? ஒன்று மட்டும் நிச்சயம். தனக்கு வேண்டிய அறுபத்து மூன்றுக்குப் பொய்ச் சாட்சி கூடாது என்று இருந்திருக்கிறார். மற்ற அறுபத்தையாயிரம் சதுரத்துக்குப் பரவாயில்லை என்றும் இருந்திருக்கிறார். இரண்டும் ஒரே மனிதர். துக்கத்தில் இருக்கிறேன் என்பதற்காக இதை மழுப்ப எனக்கு மனமில்லை.

"நீங்களே போய்ச் சொல்லிடுங்க, மாமா. இல்லைன்னா நான் சொல்லுவேன்."

"போ, எழுதிக் குடு. உங்க குடும்பத்துக்கு அது ரத்தத்துலயே ஊறினது."

மாமா போகவில்லை. நான் போனேன்.

துறைத் தலைவியின் மேசையில் ஆழம் அளந்த வரைபடங்களையும் பத்துத் தாள்களையும் வைத்தேன். அவர் ஒரு தாளை எடுத்து விளக்குக்குச் சாய்த்தார். எடுத்த வேகத்திலேயே வைத்தார்.

"உங்க அப்பா ஏழு வருஷம் என்னை ஏமாத்தியிருக்கார்."

"ஆமா."

நான் மறுப்பேன் என்று நினைத்திருப்பார்போல.

"நீங்க இதைச் சொல்லாம இருந்திருந்தா..."

"அறுபத்துமூணும் வெளியில போயிருக்கும். உங்க பழைய கட்டுரை அப்படியே நின்னிருக்கும்."

"பேசறதைப் பார்த்துப் பேசுங்க. ரெண்டு பேர் குறியும் இனி எந்தப் பட்டியல்லயும் வராது. பேரும் வராது. பட்டியல் ரெண்டு வருஷம் தள்ளிப் போகும். திருப்தியா?"

"அறுபத்துமூணையும் பார்ப்பீங்களா?"

"எல்லாத்தையும்தான் பார்க்கணும். வேற வழி வெச்சீங்களா நீங்க?"

"நடுப்பகுதியை முதல்ல பாருங்க."

கதவைக் காட்டினார்.

அந்த வாரமே மாமாவைக் கட்டாய விடுப்பில் அனுப்பினார்கள். அப்படியே ஓய்வு. அம்மா தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். என் ஃபோனை எடுப்பதில்லை. அப்பாவின் பெயர் நிலையத்தின் பழைய பட்டியல்களிலிருந்தும் நீக்கப்பட்டது. அவர் சரியாகப் பார்த்த முதல் இருபத்துநாலு வருடமும் சேர்ந்து போனது. அது அநியாயம் என்று மூன்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது, நான்கே வரி. புதிய ஆட்கள் இருவர், நடுவில் அட்டை வைத்து, நூற்றுப் பன்னிரண்டு தாளையும் பார்த்திருக்கிறார்கள். அப்பா டிக் போட்ட அறுபத்து மூன்றில் நாற்பத்தெட்டு கொத்துகள். பதினைந்து இல்லை. நாற்பத்தெட்டில் முப்பத்தொன்பதுக்கு ஏறக்குறைய ஒரே வயது, இருபது கோடி வருடம். அந்த இரண்டும் கடைசியாக உரசிக்கொண்டபோது, இழுபட்ட வாயுவில் பிறந்தவை. மிச்சம் ஒன்பதும் அதைவிட மிக மூத்தவை. எங்கிருந்தோ பிய்த்து இழுத்து வரப்பட்டவை.

அந்த ஒன்பதை அப்பா அறிந்திருந்தால் எப்படி முகம் வைத்துக்கொண்டிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். சந்தோஷப்படும் அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை, அதனால் மனக்கண்ணில் வரவில்லை.

அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் ஃபோன் அடித்தது. மாமா.

"எத்தனை?"

"அம்மாகிட்ட அனுப்பியிருக்கேனே."

"நான் படிக்க முடியுமா? வாயால சொல்லு."

"நாப்பத்தெட்டு."

பெருமூச்சா, சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம். பின்னால் அம்மா ஏதோ கேட்பதும் அவர் அதட்டுவதும் கேட்டது.

"அப்ப பதினஞ்சு இல்லை."

"இல்லை."

"அந்தப் பதினஞ்சுக்கும் இல்லைன்னு நான் அப்பவே சொன்னேன்."

"நீங்க அறுபத்துமூணுக்கும் இல்லைன்னுதான் சொன்னீங்க, மாமா. பார்க்காமலே."

"பதினஞ்சு சரியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"சரிதான்."

"உங்கப்பனுக்கு அது தப்பு. எனக்கு அது சரி. எழுதி வெச்சுக்கோ," என்றார் மாமா. நான் ஃபோனைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். அவரும் வைக்கவில்லை.